பப்பாக மட்டும் இருந்திராத கட்டடம்

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் கவுண்டியில், பிளைத் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நான் வசிக்கும் கிராமத்தின் நடுவே, தேவாலயக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி ஒரு நீண்ட மரச்சட்டக் கட்டடம் நிற்கிறது. நினைவு தெரிந்த நாளிலிருந்து ஊரார் அதைப் பப் என்றே அறிந்திருந்தார்கள். பெருந்தொற்றுக்காக 2020 மார்ச் 20 அன்று நாடு முழுவதும் பப்களை மூடச் சொன்னபோது அதுவும் மூடப்பட்டது. ஜூலை 4 அன்று மற்றவை திறந்தபோது அது திறக்கவில்லை. சில மாதங்களில் உரிமையாளர் அதைத் தனி வீடாக மாற்றத் திட்ட அனுமதி கோரினார். பப்பாக நடத்தினால் கட்டுப்படியாகாது என்பதே அவருடைய விண்ணப்பத்தின் சாரம். அதை எதிர்க்க ஊரில் அமைந்த குழுவில் நானும் சேர்ந்தேன். தொழிலால் கட்டமைப்புப் பொறியாளன் என்பதால், கட்டடத்தின் வரலாற்றைத் திரட்டி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நான் மது அருந்துவதில்லை. ஆனாலும் இந்த ஊருக்குக் குடிவந்த புதிதில் அண்டை அயலாரை நான் அறிந்துகொண்ட இடம் அந்தக் கட்டடத்தின் கணப்படுப்பு ஓரம்தான். சென்னையிலோ பெங்களூரிலோ நட்சத்திர விடுதிகளுக்குள் இருக்கும் இரைச்சல் மிகுந்த பப்களை மனத்தில் வைத்து இதைப் படிக்க வேண்டாம். தேநீர் கேட்டாலும் தருவார்கள், ஒன்றும் வாங்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். கிராமத்துப் பப் அப்படிப்பட்ட இடம்.

வரலாற்றைத் தேடத் தேட எனக்கு ஒன்று உறுதியாயிற்று. அந்தக் கட்டடம் மது விற்பனையை மட்டும் நம்பி நின்ற காலம், அதன் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு வாழ்வில் கடைசி ஒரு நூற்றாண்டு அளவு மட்டுமே. அதற்கு முன்பு எந்தக் காலத்திலும் அது ஒரே வேலையைச் செய்ததில்லை. கட்டுப்படியாகவில்லை என்று உரிமையாளர் சொன்னது அந்தக் கடைசிக் காலத்து வடிவத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதைக் காட்ட முடிந்தால் எங்கள் வாதத்துக்கு அடித்தளம் கிடைக்கும் என்று நினைத்தேன், அப்படித்தான் நடந்தது. இதே நிலையில் இருக்கும் பிற ஊர்களில் வாழும் தமிழர்கள் இத்தகைய குழுக்களில் தயங்காமல் சேர வேண்டும் என்பதற்காகவும், அவர்களுக்கு வேலை எளிதாக வேண்டும் என்பதற்காகவும் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஆவணங்களுக்குப் போகும் முன் கட்டடத்தைப் பார்க்க வேண்டும். சாலைப் பக்கத்தில் செங்கல் முகப்பு இருந்தாலும், பின்பக்கம் கருவாலி மரச்சட்டம் தெளிவாகத் தெரிந்தது. மேல்மாடி முழுவதும் முதலில் தடுப்பே இல்லாத ஒரே கூடமாக இருந்திருக்கிறது. கீழ்த்தளத்து உத்தரங்களின் அடிப்பகுதியில், இன்று எதையும் தாங்காத வெற்றுத் துளைகள் வரிசையாக இருந்தன. அவை பின்னாளில் பொருத்தப்பட்டுப் பின்னர் அகற்றப்பட்ட தடுப்புச் சுவர்களின் தடங்கள். அவற்றை அளந்து வரைந்தபோது, கீழ்த்தளம் ஒரு காலத்தில் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்பதும், ஒவ்வோர் அறைக்கும் தனி அடுப்பு செருகப்பட்டிருந்தது என்பதும் புலப்பட்டன. மேலே ஒரு பெரிய கூடம், கீழே ஏழெட்டுப் பேர் நெருக்கி வாழும் அளவிலான அறைகள்: இது மதுக்கடைக்காக எழுப்பிய கட்டடமாக இருக்க முடியாது.

சஃபோக்கில் இத்தகைய கட்டடங்களுக்கு ஒரு பொதுவான பிறப்பு வரலாறு உண்டு. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் ஊரின் சமயக் கூட்டமைப்புகளான கில்டுகள் தேவாலயத்துக்கு அருகிலேயே மண்டபங்களைக் கட்டின. விழா நாட்களில் அங்கேயே பியர் காய்ச்சி, விருந்து வைத்து, வரும் பணத்தைத் தேவாலயப் பராமரிப்புக்குச் செலவிட்டார்கள். எங்களுக்குச் சற்றுத் தொலைவில் ஃபிரெஸிங்ஃபீல்டு கிராமத்தில் இன்று உணவகமாக இயங்கும் ஃபாக்ஸ் அண்ட் கூஸ், 1509 அளவில் அப்படி மண்டபமாகக் கட்டப்பட்டதுதான். டெவன் கவுண்டியில் தேவாலய இல்லங்கள் என்று அழைக்கப்பட்ட இதே வகைக் கட்டடங்கள் பல பின்னாளில் விடுதிகளாயின. சர்ச் ஹவுஸ் இன் என்ற பெயர் அங்கே பல ஊர்களில் இன்றும் இருப்பதற்குக் காரணம் இதுவே. 1547 ஆம் ஆண்டின் சட்டம் கில்டுகளைக் கலைத்து அவற்றின் சொத்துகளை அரசுடைமையாக்கியது. அவற்றில் பல, விலைக்கு வாங்கப்பட்டோ குத்தகையாகவோ மீண்டும் ஊரின் பயனுக்கே வந்து சேர்ந்தன. எங்கள் கட்டடமும் அந்த வழியில் பாரிஷின் (ஒரு தேவாலயத்தைச் சார்ந்த ஊர் நிர்வாகப் பகுதியின்) கைக்கு வந்து, கீழே வீடற்ற ஏழைக் குடும்பங்கள் தங்கும் இடமாகவும் மேலே பள்ளிக்கூடமாகவும் ஆனது. உத்தரத்தில் நான் கண்ட துளைகள் அந்த ஏழைகளின் அறைகளுக்கு உரியவை.

அது எப்படி மதுவிடுதியானது என்ற கேள்விக்கு விடை கட்டடத்துக்குள் இல்லை. சில மைல் தொலைவில் பல்கேம்ப் என்ற இடத்தில் இருந்தது. இந்த வட்டாரத்துப் பாரிஷ்கள் ஒன்றுசேர்ந்து, தங்கள் ஏழைகள் அனைவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்து வேலை வாங்கும் பெரிய இல்லம் ஒன்றை அங்கே எழுப்பின. 1765 இல் அதை எதிர்த்து மக்கள் திரண்டு, கட்டிக்கொண்டிருந்த சுவர்களை இடித்தார்கள். ஆயினும் 1766 இல் அது திறக்கப்பட்டது. ஏழைகள் அங்கே அனுப்பப்பட்டதும் ஊர்களில் இருந்த பழைய இல்லங்கள் காலியாயின. எங்கள் பாரிஷின் ஏழைகள் கண்காணிப்பாளர் எழுதிவைத்த கணக்கேட்டில், அடுத்த சில ஆண்டுகளுக்குள் அந்தக் கட்டடம் வாடகை வரும் இனமாகப் பதிவாகத் தொடங்குகிறது. வாடகைக்கு எடுத்தவர் ஒரு கொல்லர். அவரே மதுவிடுதியும் நடத்தினார். பல்கேம்ப் இல்லமும் பிற்காலத்தில் மருத்துவமனையாகி, 1994 இல் மூடப்பட்டு, இன்று குடியிருப்பாக இருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு கட்டடத்தின் பயன் மாறும்போது அந்த மாற்றம் பக்கத்து ஊர்க் கட்டடத்தின் தலையெழுத்தையும் மாற்றுகிறது. ஆகவே உங்கள் ஊர்க் கட்டடத்தை ஆராயும்போது, அதே காலத்தில் சுற்றுவட்டாரத்தில் எது திறந்தது, எது மூடியது என்று கட்டாயம் பாருங்கள்.

ஆவணத் தேடலை இன்றிலிருந்து பின்னோக்கி நடத்துவதே நல்லது. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பிரித்தானியாவின் பழைய அளவை வரைபடங்களை இலவசமாகப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பப்கள், விடுதிகள், பியர் கடைகள் ஆகியவை அவற்றில் தனித்தனிச் சுருக்கெழுத்துகளால் குறிக்கப்பட்டிருக்கும். அடுத்துப் பார்க்க வேண்டியது, 1910 ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின்படி நாடு முழுவதும் நிலத்தையும் கட்டடங்களையும் மதிப்பிட்டவர்கள் எழுதிய களப் புத்தகங்கள். அவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பல பதிவுகளில் ஒவ்வோர் அறையும் பெயரோடு எழுதப்பட்டிருப்பதால், என் அனுபவத்தில் வேறெந்த ஆவணமும் இவ்வளவு பயன்படவில்லை. அதன்பின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள், வணிகக் கையேடுகள், தேவாலயத்துக்குரிய தசமபாக வரிக்காக 1836 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வரையப்பட்ட நில வரைபடங்கள் என்று பின்னோக்கிப் போகலாம். இன்னும் பின்னே போனால், பல கவுண்டிகளில் 1753 முதல் 1828 வரை மதுவிடுதி நடத்தியவர்கள் நீதிபதிகளிடம் எழுதிக்கொடுத்த பிணைப் பத்திரங்களின் பதிவேடுகள் கிடைக்கும். சஃபோக்கின் ஆவணங்களை இப்ஸ்விச்சில் 2020 இல் திறக்கப்பட்ட தி ஹோல்டு என்ற காப்பகத்தில் பார்க்கலாம். அங்குள்ள பணியாளர்கள் பொறுமையோடு உதவினார்கள்.

இந்தத் தேடலில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. 1830 ஆம் ஆண்டின் பியர் கடைச் சட்டம், வரி செலுத்தும் எந்த வீட்டுக்காரரும் இரண்டு கினி (பழைய ஆங்கிலப் பண அலகு) கட்டினால் நீதிபதிகளின் அனுமதி இன்றியே பியர் காய்ச்சி விற்கலாம் என்றது. கிராமம்தோறும் வீட்டின் முன்னறைகள் பியர் கடைகளாயின. 1869 இல்தான் அவை மீண்டும் நீதிபதிகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இடைப்பட்ட காலத்துக் கையேடுகள் இவர்களைப் பியர் விற்பவர் என்று மட்டும் குறிப்பிடுமே தவிர, கடையின் பெயரைப் பெரும்பாலும் சொல்லாது. பெயரை வைத்துத் தேடுகிறவர்கள் ஒன்றும் கிடைக்காமல் திரும்புவார்கள்; ஆளை வைத்தும் நிலத்தை வைத்தும் தேடினால் கிடைக்கும். இன்னொன்று, கள்வர்கள் ஒளிந்த அறை, தேவாலயத்துக்குச் செல்லும் சுரங்கம் போன்ற கதைகள் பழைய பப் ஒவ்வொன்றுக்கும் சொல்லப்படுவதுண்டு. எங்கள் ஊரிலும் சுரங்கக் கதை உண்டு. நான் நிலவறையின் சுவர்களை முழுவதும் பார்த்தேன். சுரங்கமாகக் கருதப்பட்டது பீப்பாய்களை இறக்கும் சரிவின் அடைக்கப்பட்ட வாய். சரிபார்க்க முடியாத ஒரு கதையை அறிக்கையில் சேர்த்தாலும் எதிர்த்தரப்பு அதைக் காட்டியே மற்றவற்றின் நம்பகத்தையும் குலைத்துவிடும் என்பதால் அத்தகைய எதையும் சேர்க்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கட்டடம் செய்த வேலைகளை ஒரே இடத்தில் எழுதிப் பார்த்தபோது நானே வியந்தேன். நில உரிமையாளரின் முகவர் ஆண்டுக்கு இரு முறை அங்கே அமர்ந்து குத்தகை வாங்கினார். அன்று குத்தகைதாரர்களுக்கு விருந்து உண்டு. பாரிஷ் கூட்டம் தேவாலயத்தில் தொடங்கி, குளிர் தாங்காமல் அங்கே வந்து முடிந்தது. அறுவடைக்கு முன் விளைச்சலும் நிலமும் ஏலம் போயின. வாரக் கடைசியில் பண்ணைத் தொழிலாளர்களுக்குக் கூலி அங்கே தரப்பட்டது. மேல்மாடிக் கூடத்தில் நட்புதவிச் சங்கம் மாதந்தோறும் கூடியது: உறுப்பினர்கள் சிறு தொகை கட்டுவார்கள், நோயுற்றால் வாரப்பணமும் இறந்தால் அடக்கச் செலவும் கிடைக்கும். அரசுக் காப்பீடு எதுவும் இல்லாத காலத்தில், நோயுற்ற உழைப்பாளியைப் பல்கேம்ப் இல்லத்துக்குப் போகாமல் காத்தது அந்தக் கூடத்தில் இருந்த பணப்பெட்டிதான். மரண விசாரணைகளும் அங்கேதான் நடந்தன. ஆற்றில் மூழ்கிய ஒரு சிறுவனின் உடலைப் பின்கட்டில் கிடத்திவிட்டு, ஊரார் பன்னிருவர் நடுவர்களாக அமர்ந்து விசாரித்த செய்தியைப் பழைய நாளிதழ் ஒன்றில் படித்தபோது, அந்த அறையில் நான் பலமுறை அமர்ந்திருக்கிறேன் என்ற எண்ணம் என்னை வெகுநேரம் விட்டுப் போகவில்லை.

இந்தப் பயன்கள் தாமாக மறையவில்லை. சட்டங்கள் அவற்றை ஒவ்வொன்றாக வெளியேற்றின. குடியின் தீமையைக் கண்டு வருந்தியவர்களின் நல்லெண்ணமே அந்தச் சட்டங்களுக்குக் காரணம் என்பதை மறுக்க முடியாது. கூலியை அங்கேயே குடித்துத் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களின் மனைவி மக்கள் பட்ட துன்பம் உண்மையானது. 1883 ஆம் ஆண்டின் சட்டம் பப்பில் கூலி தருவதைத் தடை செய்தது. பாரிஷ் மன்றங்களை உருவாக்கிய 1894 ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், வேறு தகுந்த அறை கிடைக்காதபோது தவிர, மது விற்கும் கட்டடத்தில் மன்றம் கூடக் கூடாது என்றது. 1902 ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் நீதிமன்ற அமர்வுகளையும், வேறு இடம் இருக்கும் ஊர்களில் மரண விசாரணைகளையும் அங்கிருந்து அகற்றியது. 1911 இல் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தபின் நட்புதவிச் சங்கங்களின் தேவை படிப்படியாகக் குறைந்தது. முதல் உலகப் போருக்குப் பின் பல கிராமங்கள் நினைவு மண்டபங்களைக் கட்டிக்கொண்டதால் நடனமும் கூட்டங்களும் அங்கே போயின. ஒரு தலைமுறைக்குள் அந்தக் கட்டடத்துக்கு மது மட்டுமே மிஞ்சியது. கிராமத்துப் பப்பின் இன்றைய தளர்ச்சிக்கு மலிவு விலைக் கடைகளையும், 2007 ஜூலை 1 அன்று வந்த புகைபிடித்தல் தடையையும் காரணம் காட்டுவது வழக்கம். அவை உண்மையே. ஆனால் தளர்ச்சியின் வேர் அதற்கு நூறாண்டு முன்பே இருக்கிறது என்பது என் முடிவு.

இரண்டாம் உலகப் போர் இதற்கு ஓர் இடைவேளை. 1943 இல் ஹேல்ஸ்வொர்த் விமானத் தளத்துக்கு அமெரிக்க விமானப் படையினர் வந்தபோது சுற்றியிருந்த பப்கள் நிரம்பி வழிந்தன. பியர் தட்டுப்பாட்டால் சில நாட்கள் கதவு திறக்கப்படவே இல்லை என்று தொண்ணூறு வயதை நெருங்கும் என் அண்டை வீட்டுப் பெரியவர் சொன்னார். அவர் அப்போது குழந்தை. தாயிடம் கேட்டதைச் சொல்கிறார். இத்தகைய நினைவுகளைத் தாமதிக்காமல் பதிவு செய்யுங்கள், ஆனால் நாளிதழோடும் ஆவணத்தோடும் ஒப்பிட்டபின் பயன்படுத்துங்கள்.

பெரிய இழப்பு 1960களில் நேர்ந்தது. அதுவரை உழைப்பாளிகள் அமரும் அறை, வரவேற்பறை, பெண்களும் முதியவர்களும் ஒதுங்கி அமரும் சிற்றறை எனக் கீழ்த்தளம் பிரிந்திருந்தது. அப்போதைய உரிமையாளரான பியர் ஆலை, ஒரே ஆள் கவுண்டரில் நின்றபடி எல்லோரையும் கவனிக்க வேண்டும் என்பதற்காகச் சுவர்களை அகற்றி ஒரே அறையாக்கியது. அக்காலத்தில் இது நாடெங்கும் நடந்தது. சுவர் இருந்தவரை ஒரு மூலையில் சீட்டாட்டமும் மறுமூலையில் துக்கம் விசாரிப்பும் ஒரே மாலையில் நடக்க முடிந்தது. சுவர் போனபின் யார் உரக்கப் பேசுகிறார்களோ அவர்களுக்கே அந்த அறை. லாக்ஸ்ஃபீல்டு கிராமத்தின் கிங்ஸ் ஹெட் பப்புக்குப் போனால், கவுண்டரே இல்லாமல், உயர்ந்த முதுகுடைய மரப்பலகை இருக்கைகளால் சூழப்பட்ட பழைய அமைப்பு இன்றும் எவ்வளவு நன்றாக இயங்குகிறது என்று பார்க்கலாம். அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் குழு சீரமைப்புக்கான திட்டத்தை முடிவு செய்தது.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1989 ஆம் ஆண்டின் ஆணைகள், இரண்டாயிரத்துக்கு மேல் பப்களை வைத்திருந்த பெரிய பியர் ஆலைகளின் பிடியைத் தளர்த்தின. அவை விற்றவற்றைப் பப் நிறுவனங்கள் வாங்கின. எங்கள் கட்டடமும் கைமாறி, வாடகை ஏறி, குத்தகைக்கு எடுத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். அவர்களில் பலர் தம் சேமிப்பை முழுவதும் இழந்தார்கள் என்பதை ஊர் இன்றும் வருத்தத்தோடு நினைவுகூர்கிறது.

திட்ட அனுமதி விஷயத்தில் எங்கள் எதிர்ப்பு உணர்ச்சியால் வெல்லவில்லை. மதிப்புள்ள சமூக வசதிகள் தேவையின்றி இழக்கப்படுவதைத் தடுக்க வேண்டும் என்று தேசியத் திட்டக் கொள்கை சொல்கிறது. அத்தகைய வசதிகளில் பப்பையும் பெயரிட்டே குறிப்பிடுகிறது. ஆகவே உரிமையாளரின் கணக்கு எதை அடிப்படையாகக் கொண்டது என்று பார்த்தோம். அது மூடப்படுவதற்கு முந்தைய காலத்து மது விற்பனையை மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தது. மேல்மாடி கணக்கில் இல்லை. பகல் நேரம் கணக்கில் இல்லை. பின்கட்டு, பழைய கொல்லுப்பட்டறை, தோட்டம் எவையும் இல்லை. 1910 ஆம் ஆண்டுக் களப் புத்தகத்தின் அறைப் பட்டியலை ஒரு பக்கமும், இன்று ஊருக்குத் தேவையானவற்றை மறுபக்கமும் வைத்து, அறை அறையாக வருவாயையும் செலவையும் மதிப்பிட்டு மாவட்ட மன்றத்திடம் கொடுத்தோம். இப்படிச் செய்பவர்களுக்குப் பியர் ஆர்வலர்களின் இயக்கமான காம்ரா வெளியிட்டுள்ள, பப்பின் வருவாய்த் திறனை மதிப்பிடும் முறை நல்ல வழிகாட்டி. விண்ணப்பம் மறுக்கப்பட்டது.

மறுப்பு கிடைத்தால் கட்டடம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று பொருளாகாது. பூட்டிய கட்டடம் மழையில் அழுகும். இங்கே 2011 ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் தரும் ஏற்பாடு உதவியது. பாரிஷ் மன்றமோ, உள்ளூர் வாக்காளர்கள் 21 பேராவது உள்ள குழுவோ ஒரு கட்டடத்தைச் சமூக மதிப்புள்ள சொத்தாக முன்மொழியலாம். மாவட்ட மன்றம் எட்டு வாரங்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். பட்டியலில் சேர்ந்தால் ஐந்து ஆண்டுகள் அங்கே இருக்கும். உரிமையாளர் விற்க விரும்பினால் மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். ஆறு வாரங்களுக்குள் சமூகக் குழு விருப்பம் தெரிவித்தால், அறிவித்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்கு வேறு எவருக்கும் விற்க முடியாது. இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முன்மொழிய 21 பேர் போதும் என்றாலும், அந்த ஆறு மாத அவகாசத்தைக் கேட்கச் சட்டப்படி பதிவு பெற்ற அமைப்போ பாரிஷ் மன்றமோ தேவை. ஆகவே சங்கத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். இயங்கிக்கொண்டிருக்கும் வணிகமாகவே பப் விற்கப்பட்டால் இந்தத் தடை பொருந்தாது. ஆறு மாதம் முடிந்தபின்பும் உங்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை. அவரோடு மரியாதையான உறவைப் பேணுவது சட்டத்தைவிடப் பயன்தரும். எங்கள் குழுத் தலைவர் தொடக்கம் முதலே அவரைக் குற்றவாளியாகப் பேசுவதற்கு ஒருவரையும் அனுமதிக்கவில்லை. விலை படிந்ததற்கு அதுவே முக்கியக் காரணம்.

கட்டடத்தை வாங்கி நடத்த நாங்கள் சமூக நலச் சங்கம் என்ற வடிவத்தைத் தேர்ந்தோம். ஒருவர் எவ்வளவு பங்கு வாங்கினாலும் அவருக்கு ஒரே வாக்கு. பங்கை வெளியாருக்கு விற்க முடியாது, சங்கத்திடமிருந்தே திரும்பப் பெறலாம், அதுவும் சங்கத்தின் நிதிநிலை இடம் தரும்போது மட்டும். ஹார்ட்ஃபோர்டுஷையரின் பிரெஸ்டன் கிராமத்தார் 1980களின் தொடக்கத்திலேயே தங்கள் ரெட் லயன் பப்பை வாங்கியதும், கம்பிரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட்டில் ஓல்டு கிரவுன் 2003 இல் கூட்டுறவின் கைக்கு வந்ததும் எங்களுக்குத் துணிவு தந்தன. பிளங்கெட் அமைப்பு இத்தகைய சங்கங்களுக்கு விதிமுறை மாதிரிகளையும் ஆலோசனையையும் தருகிறது. அரசின் சமூக உடைமை நிதி 2024 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. இனி தொடங்குகிறவர்கள் பங்குகளையும், பாரிஷ் மன்றம் பெறக்கூடிய பொதுப்பணிக் கடனையும், அறக்கட்டளைகளையும் நம்பித்தான் திட்டமிட வேண்டும்.

பழுதுபார்க்கும் வேலையைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். கட்டடம் வரலாற்றுக் கட்டடங்களின் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தால் உட்புற மாற்றத்துக்கும் அனுமதி வேண்டும்; அனுமதியின்றிச் செய்வது குற்றம். இருபதாம் நூற்றாண்டில் யாரோ வெளிச்சுவரில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். பழைய மரச்சட்டக் கட்டடத்தில் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே உள்ளிருந்து வெளியேற வேண்டும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டதால், வெளியே சுவர் பளிச்சென்று இருக்க, உள்ளே அடிச்சட்டம் கையால் உதிர்க்கும் அளவுக்கு மக்கிப்போயிருந்தது. சிமெண்டை முழுவதும் நீக்கி, அழுகிய பகுதிகளில் மட்டும் புதிய கருவாலி மரத்தை இணைத்து, மயிர் கலந்த சுண்ணாம்பைப் பூசினோம். பங்கு விற்பனைக்கு முன்பே இத்தகைய இடங்களைத் திறந்து பார்க்க உரிமையாளரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள்; வெளியே நின்று பார்த்துத் தரப்படும் மதிப்பீட்டை நம்பி விலை பேசக் கூடாது. கீழ்த்தளத்தில் பழைய தடுப்புகள் இருந்த அதே கோடுகளில் மீண்டும் தடுப்புகளை எழுப்பினோம், ஆனால் உத்தரத்தைத் துளைக்காமல், எந்த நாளிலும் கழற்றக்கூடிய வகையில். நமக்குப் பின் வருகிறவர்களுக்கு எந்தப் பயன் தேவைப்படும் என்று நமக்குத் தெரியாது. அவர்களுடைய கையைக் கட்டும் வேலை எதையும் செய்யக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

இப்போது காலையில் சிற்றுண்டியும் காபியும், வாரத்தில் சில மணி நேரம் அஞ்சலகச் சேவையும், பழைய பின்கட்டில் ஊர்க் கடையும், மாலையில் பப்பும் நடக்கின்றன. ஒன்றின் வாடிக்கையாளர் இன்னொன்றுக்கும் வருகிறார். குறிப்பாகத் தனியே வாழும் முதியவர்கள் ஓய்வூதியப் பணம் எடுக்க வந்து மதிய உணவுவரை தங்குகிறார்கள். மது உரிமத்துக்கு விண்ணப்பித்தபோது நாங்கள் எடுத்த ஒரு முடிவைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும்: உரிமத்துக்கான வரைபடத்தில் கீழ்த்தளத்தை மட்டும் காட்டி, மேல்மாடிக் கூடத்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே விட்டோம். மது வழங்கும் இடத்தில் பாரிஷ் மன்றம் கூடுவதற்கு 1894 இல் வந்த கட்டுப்பாடு, 1972 ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியே இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கூடம் உரிமத்துக்கு உட்படாததால் மன்றம் அங்கே கூடலாம். குழந்தைகளின் இசை வகுப்பும் நடக்கலாம். உரிம விண்ணப்பத்தை எழுதித் தருகிற ஆலோசகர்கள் பெரும்பாலும் கட்டடம் முழுவதையும் சேர்த்தே வரைவார்கள். நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

கூடத்துக்கு இன்னும் ஒரே ஒரு படிக்கட்டுதான் இருக்கிறது. தீப்பாதுகாப்பு விதிகளின்படி அங்கே ஒரே நேரத்தில் ஒரு சிறு கூட்டத்தை மட்டுமே அனுமதிக்க முடிகிறது. திருமணங்களையும் நாடகங்களையும் திருப்பி அனுப்புகிறோம். வடக்குச் சுவரில் அடைபட்டிருக்கும் பழைய வாசலைத் திறந்து வெளிப்படி அமைக்க வரைபடம் தயாராகிவிட்டது. அது கில்டு காலத்து வாசல்தான் என்பதற்கான சான்றுகளை இணைத்து, வரலாற்றுக் கட்டடப் பாதுகாப்பு அதிகாரிகளின் ஒப்புதலுக்கு அனுப்பியிருக்கிறோம். ஒப்புதல் வந்தால் அடுத்த பங்கு வெளியீடு அந்தப் படிக்கட்டுக்காக இருக்கும்.